எப்ப இழுக்குது?

எங்கள் பக்கத்தில் ஒரு காருக்கு வயது போய்விட்டால், அதன் எல்லாக் குறைகளுக்கும் ஒரே காரணந்தான் சொல்வார்கள். மழைக் காலத்தில் ஸ்டார்ட் ஆகவில்லையா, பழசு. கதவு கிறீச்சிடுகிறதா, பழசு. வளைவில் சொன்னபடி திரும்பவில்லையா, அதுவும் பழசு. முதல் இரண்டு குறைகளோடும் காலத்தை ஓட்டிவிடலாம். மூன்றாவது குறையோடு பதுளையில் ஒரு நாளும் ஓட்ட முடியாது.

நம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே வைத்த கிண்ணம் போல இருக்கிறது. தலைக்கு மேலே நமுனுகுல மலை 2,036 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஹாலி எல பக்கம் போனாலும், ஸ்பிரிங்வெலி பக்கம் போனாலும், பசறை பக்கம் போனாலும் ஏற வேண்டும், இறங்க வேண்டும், வளைய வேண்டும். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. பசறை, லுணுகலை வழியாகச் செங்கலடி வரை போகும் ஏ5 வீதியில் பிரயாணம் செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2021 மார்ச் 20 ஆம் திகதி காலையில் லுணுகலையிலிருந்து வந்த பஸ் ஒன்று பசறை 13 ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வளைவைக் கடக்கும்போது இன்றும் எங்கள் காரில் பேச்சு நின்றுவிடும்.

அந்த வீதி எங்கள் குடும்பத்துக்கு முக்கியமானது. என் ராத்தா கலியாணம் முடித்து லுணுகலையில் இருக்கிறாள். வாப்பா புடவை வியாபாரி. சம்பள நாட்களை ஒட்டித் தோட்டங்களுக்குப் புடவை மூட்டைகளோடு போய் வருவார். இந்த இரண்டு வேலைக்கும் எங்களிடம் இருப்பது மூத்தாப்பா வாங்கிய மோரிஸ் மைனர் கார் ஒன்றுதான்.

மோரிஸ் மைனரை நம் நாட்டில் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சேர் அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த இந்தக் கார் 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பரீட்சார்த்தக் காரைப் பார்த்த இஸிகோனிஸுக்கு அது ஒடுங்கலாகத் தெரிந்ததாம். நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரு பாதிகளையும் நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினாராம். வீதியைப் பிடித்துக்கொண்டு திரும்பும் கார் என்று அந்தக் காலத்தில் அது பெயர் வாங்கியதற்கு அந்த அகலமும் ஒரு காரணம். ஆகவே "மைனர் என்றால் அப்படித்தான் ஆடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஆடுவதற்காகப் பிறந்த கார் அல்ல.

புதிய கார் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் இருபது வருடப் பழைய காருக்கே கேட்ட விலையை வாப்பா கேட்டுவிட்டுப் பேசாமல் வீடு வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் பழைய காரை வைத்திருப்பது பலருக்கு ஆசையால் அல்ல, வழியில்லாமல்தான். வழியில்லாதவர்களுக்குத்தான் அதைச் சரியாக வைத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சென்ற வருடம் ராத்தா ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது கால்கள் வீங்கின, அடிக்கடி தலையிடித்தது. பக்கத்து வீட்டார் எல்லோரும், "புள்ள வயித்துல ஈந்தா அப்பிடித்தான்" என்றார்கள். வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அப்படிச் சொல்லவில்லை. தலையிடி காலையிலா மாலையிலா, கண்ணில் மின்னுவது போல ஏதும் தெரிகிறதா, வீக்கம் காலில் மட்டுமா முகத்திலுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு இரத்த அழுத்தம் பார்த்தார். அது கூடியிருந்தது. கிழமைக்கு ஒரு முறை பதுளை வைத்தியசாலைக் கிளினிக்குக்கு வர வேண்டும், எந்த நேரமும் கொண்டு வரத் தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவாகியது.

சரியாக அந்த நாட்களில்தான் கார் இழுக்கத் தொடங்கியது.

வாப்பா சொன்னது ஒரே சொல்தான்: "இழுக்குது." நகரத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டு போனார். முன்பக்க ஷொக் அப்சோர்பர் இரண்டையும் மாற்றினார்கள். வீல் எலைன்மென்ட் செய்தார்கள். ஸ்டியரிங் முனையில் ஒரு பாகம் மாற்றினார்கள். புடவை வியாபாரத்தில் ஒரு மாதம் மிஞ்சுகிற காசு போனது. கார் வெளியே வந்து முதல் இறக்கத்திலேயே மறுபடியும் இழுத்தது. மாமா வந்து முடிவாகச் சொன்னார்: "பழைய கார் அப்பிடித்தான் மச்சான். வார விலைக்கு வித்துப் போடுங்க." வாங்குவதற்கு ஓர் ஆளையும் பேசி வைத்தார். வாப்பா ஒரு கிழமை தவணை கேட்டார்.

அந்த ஒரு கிழமையில்தான் பசறை வீதியில் தகரக் கொட்டில் ஒன்றில் கராஜ் வைத்திருக்கும் வயதான பாஸிடம் போனோம். தோட்டத் தேயிலைத் தொழிற்சாலையில் பல வருடம் இயந்திரங்களைப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வாப்பாவிடம் நெடுங்காலம் புடவை வாங்கிய குடும்பம். வாப்பா தன் குறையைச் சொன்னார். பாஸ் காரின் பக்கம் திரும்பவே இல்லை. வாப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

"இழுக்குதுன்னு சொன்னீங்க நானா. எப்ப இழுக்குதுன்னு சொல்லலியே?"

"எல்லா நேரமும் இழுக்குற மாதிரித்தான் ஈக்குது அண்ணன்."

"எல்லா நேரமும் ஒரே மாதிரி இழுக்குற காரு இல்ல நானா. தொழிற்சாலையில ரோலர் சத்தம் போட்டா ஒடனே பெயாரிங்கக் கழட்ட மாட்டோம். கொழுந்து போட்டா சத்தமா, போடாமலும் சத்தமான்னு மொதல்ல பாப்போம். ரெண்டு நாளு ஓட்டுங்க. பக்கத்துல ஒரு ஆளு ஒக்காந்து எழுதட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய ஆள் நான். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குக் கார் வேல" என்று மாமி கேட்டார். "எழுதத்தானே போறா" என்று உம்மா பதில் சொல்லிவிட்டார்.

பாஸ் எனக்குச் சொல்லித் தந்த அட்டவணை எளிமையானது. இடப்பக்கம் நிரலாக, நேர் வீதி, ஏற்றம், இறக்கம், இடது வளைவு, வலது வளைவு. மேலே வரிசையாக, பிரேக் பிடித்தபோது, எக்ஸலேற்றர் கொடுத்தபோது, இரண்டும் இல்லாமல் சும்மா ஓடும்போது. பாரத்தோடா வெறுங்காரா, வீதி ஈரமா காய்ந்ததா என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. ஸ்டியரிங் பாரமா, இலேசா, தானாக நேருக்கு வருகிறதா என்று இன்னொரு குறிப்பு. முக்கியமான நிபந்தனை ஒன்றும் போட்டார்: "காரணம் எழுதாத புள்ள. நடந்தத மட்டும் எழுது."

இரண்டு நாள் முடிந்து கொப்பியை விரித்தபோது எனக்கே விளங்கிற்று. வாப்பா "இழுக்குது" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு குறைகளைப் போட்டு வைத்திருந்தார். ஒன்று, சும்மா ஓடும்போது கார் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து போனது. இரண்டு, நேர் வீதியில்கூட அது இங்கும் அங்கும் அலைந்தது. ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மூன்று, பிரேக் பிடித்தால், இறக்கமோ ஏற்றமோ, சட்டென்று இடப்பக்கம் பாய்ந்தது. நான்கு, வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை. கையால் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு நோய்க்கு மருந்து கொடுத்து மற்றது மாறவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தோம்.

மேட்டிலும் பள்ளத்திலும் கார் நிற்கும்போது எதையும் அளக்கக் கூடாது என்றார் பாஸ். தோட்டத் தொழிற்சாலை முன்னால் லொறிகள் நிற்கும் சிமெந்துத் தளத்தில், அனுமதி கேட்டு, ஒரு காலை நேரம் காரை நிறுத்தினோம். கையில் காற்று அளக்கும் மானி, அளவு நாடா, ஜெக், மரக்கட்டைகள். காசு செலவாகாத பரிசோதனைகள் முதலில், காசு செலவாகிறவை கடைசியில் என்பது அவருடைய ஒழுங்கு.

முதலில் டயர். ஓடிச் சூடான டயரில் காற்று கூடக் காட்டும் என்பதால் கார் ஆறும் வரை காத்திருந்து அளந்தார். மைனருக்கு 22 இறாத்தல் காற்று வேண்டும். வலது முன் டயரில் 24 இருந்தது. இடது முன் டயரில் 17 தான் இருந்தது. காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நசுங்கி, வீதியில் அதிகம் உரசும். கார் அந்தப் பக்கமே போகப் பார்க்கும். இரண்டையும் 22 ஆக்கினார். பிறகு டயரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிருந்து உள்ளே ஒரு தடவை தடவச் சொன்னார். ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும் மறுபக்கம் தடவும்போது வாள் பல் போலவும் இருந்தால், சில்லு நேராக உருளாமல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகிறது என்று அர்த்தம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். எங்கள் இடது டயர் வாள் பல் போலத்தான் இருந்தது.

அடுத்து முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பூட்டி, ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். இது எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை. இழுப்பும் சேர்ந்து பக்கம் மாறினால் குற்றம் டயரில். இழுப்பு அதே பக்கத்தில் நின்றால் குற்றம் காரில். காற்றைச் சரிசெய்ததோடு சும்மா ஓடும்போது சாய்வது நின்றிருந்தது. ஆனால் பிரேக் பிடித்தால் இன்னும் இடப்பக்கந்தான் பாய்ந்தது. அலைவும் மாறவில்லை. ஆகவே டயர்கள் குற்றமற்றவை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். ஒரேயடியாக நான்கை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. குணமாகாவிட்டால் எதைச் சந்தேகிப்பது என்றும் தெரியாது. எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்லும் ஆசிரியையும் இதைத்தானே சொல்கிறார்!

பிறகு நான்கு மூலைகளிலும் சிமெந்துத் தளத்திலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளந்தோம். மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுகி நிமிரும் நீண்ட உருக்குத் தண்டு ஒவ்வொரு பக்கமும் இருக்கிறது. அது களைத்துவிட்டால் கார் ஒரு பக்கம் தாழும். எங்கள் காரில் இரு பக்கத்துக்கும் கால் அங்குலந்தான் வித்தியாசம். "இது குத்தமில்ல" என்று கொப்பியில் எழுதச் சொன்னார். முன் மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்தி விட்டார். ஒரு தடவை எழும்பி அடங்கியது. "புது ஷொக்க நல்லாத்தான் போட்டிருக்காங்க. ஆனா நோவு இங்க இல்ல." யாரையும் அவர் குறை சொல்லவில்லை. இல்லாத இடத்தில் இல்லை என்று எழுதுவதும் பரிசோதனைதான் என்பதை அன்று கண்டேன்.

கடைசியில் ஜெக். பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் தடித்த மரக்கட்டைகளையும் வைத்த பிறகுதான் கையை உள்ளே விட்டார். "ஜெக்க நம்பித் தலையக் குடுக்கக் கூடாது புள்ள." ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று மத்ரஸாவில் நாங்கள் படித்ததை அவர் தன் பாஷையில் சொன்னார்.

இடது சில்லை மணிக்கூட்டு முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 9 இலும் 3 இலும் பிடித்து அசைத்தார். அசைவில்லை. ஸ்டியரிங் பக்கம் சரி. 12 இலும் 6 இலும் பிடித்து அசைத்தார். டக். கைக்குத் தெரியும்படி ஓர் அசைவு. காதுக்கும் கேட்டது. மேலும் கீழுமான இந்த அசைவுக்கு இரண்டு இடங்கள் காரணமாக இருக்கலாம். சில்லுச் சுழலும் பெயாரிங் தளர்ந்திருக்கலாம். அல்லது சில்லைத் தாங்கித் திருப்பும் கிங் பின்னும் அதன் அடியிலுள்ள ட்ரனியனும் தேய்ந்திருக்கலாம். இரண்டில் எது?

"காருக்குள்ள ஏறி பிரேக்க அமுக்கிப் புடி புள்ள."

நான் ஏறி, இரண்டு காலாலும் பிரேக்கை அமுக்கினேன். அவர் மறுபடியும் அசைத்தார். மறுபடியும் டக். இதன் நியாயத்தை எனக்கு விளக்கினார். பிரேக் பிடித்தால் சில்லும் அதன் தகடும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். நடுவிலுள்ள பெயாரிங்கின் தளர்வு மறைந்துவிடும். பிரேக் பிடித்தும் ஆட்டம் மறையவில்லை என்றால் குற்றம் பெயாரிங்கில் இல்லை, அதற்கு உள்ளே. ஒரு கால் மிதிப்பில் இரண்டு சந்தேகங்களில் ஒன்று விழுந்துவிட்டது. எதையும் கழற்றவில்லை. ஒரு சதமும் செலவாகவில்லை.

மைனரின் ட்ரனியன் என்பது புரி வெட்டிய ஒரு சிறிய உலோகப் பாகம். கிங் பின்னின் அடி முனை அதற்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் புரி கொஞ்சம் ஏறி இறங்கும். அங்கே கிரீஸ் இல்லாவிட்டால் உலோகம் உலோகத்தைத் தின்னும். முதலில் ஸ்டியரிங் இறுகும். அதுதான் வளைவுக்குப் பின் நேருக்கு வராதது. பிறகு புரி தேய்ந்து ஆட்டம் வரும். அதுதான் அலைவு. முற்றிலும் தேய்ந்துவிட்டால் பின் ட்ரனியனிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். சில்லு மட்காட்டுக்கு அடியில் மடிந்துவிடும். மைனர் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் பயப்படுகிற முறிவு அது. பாஸ் அதைச் சொன்னபோது வாப்பா தளத்தில் உட்கார்ந்துவிட்டார். முந்தைய கிழமைதான் ராத்தாவை அந்தக் காரில் 13 ஆம் கட்டையைத் தாண்டிக் கூட்டி வந்திருந்தோம்.

வீல் எலைன்மென்ட் ஏன் பலிக்கவில்லை என்பதும் அப்போது புரிந்தது. மைனரின் முன் சில்லுகள் பின்னால் இருப்பதைவிட முன்னால் 3/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் நெருங்கி நிற்க வேண்டும். சில்லே அதற்கு மேல் ஆடினால் எந்த இரண்டரை மில்லிமீற்றரை அளப்பது? நீளும் இழுபடும் முழக்கோலால் புடவை அளப்பது போலத்தான். வாப்பாவுக்கு அந்த உவமை உடனே பிடிபட்டது. எலைன்மென்ட் கடைசி வேலை, முதல் வேலை அல்ல.

இன்னும் பிரேக் இழுப்பு பாக்கி. கார் இடப்பக்கம் பாய்கிறது என்றால் இடது பிரேக்கைக் கழற்ற வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பாஸ் வலது சில்லைக் கழற்றினார். "எடது பக்கம் அதோட வேலையச் செய்யுது. வலது பக்கந்தான் சும்மா வருது." இரண்டு மாடு பூட்டிய வண்டியில் ஒன்று நின்றால் வண்டி நின்ற மாட்டின் பக்கந்தான் திரும்பும். நிற்காத மாட்டைத்தான் பார்க்க வேண்டும். வலது டிரம்மைத் திறந்தபோது பிரேக் சிலிண்டர் ஒன்று எண்ணெய் கசிந்து, லைனிங் நனைந்து கிடந்தது.

இத்தனைக்கும் கார் ஒழுங்காகச் சேவிஸ் செய்யப்பட்ட கார். பிறகு எப்படிக் கிரீஸ் போகவில்லை? பாஸ் ட்ரனியனில் கிரீஸ் அடிக்கும் முனையைத் துடைத்துக் காட்டினார். வீதிச் சேறும் பழைய பெயின்றும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. கிரீஸ் துப்பாக்கியை வைத்து அமுக்கியவர்கள் அமுக்கினார்கள். கிரீஸ் உள்ளே போகாமல் வெளியே வழிந்தது. வழிந்ததைத் துடைத்துவிட்டு அனுப்பினார்கள். இப்போதைய கார்களில் இந்தப் பாகங்களுக்குக் கிரீஸ் அடிக்கும் வேலையே இல்லை. இளம் கைகளுக்கு அது பழக்கமில்லை. கிரீஸ் அடித்தோம் என்பது போதாது. பழைய கிரீஸ் மறுபக்கத்தால் வெளியே வருகிறதா என்று பார்த்தால்தான் அடித்ததாக அர்த்தம்.

பாகம் கிடைக்குமா என்ற கவலை ஒரு நாள் இருந்தது. இதில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், 1990களில் இலங்கையரோடு சேர்ந்து மைனர் உதிரிப்பாகங்களை இங்கேயே செய்விக்க ஏற்பாடு செய்தார். பிறந்த நாட்டிலிருந்து நமக்குக் கார் வந்தது. நம் நாட்டிலிருந்து அந்தக் காருக்குப் பாகங்கள் போயின. வாப்பா கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் கேட்டு வாங்கி வந்தார். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் புரி எதிரெதிர் என்பதால், ஒன்றைக் கொண்டு மற்றதற்குப் போட முடியாது என்று பாஸ் தாளில் எழுதியே கொடுத்திருந்தார். ட்ரனியன், கிங் பின், பிரேக் சிலிண்டர், லைனிங் எல்லாம் சேர்த்தும் முதல் கராஜில் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் ராத்தாவைக் கூட்டி வரும்போது நானும் போனேன். பசறைக்கு இப்பால் ஓர் இறக்கத்தில், வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு லொறி முழு வீதியையும் பிடித்துக்கொண்டு வந்தது. வாப்பா பிரேக்கை அழுத்தினார். கார் ஒரு பக்கமும் பாயாமல், கோடு போட்டது போல நேராக வந்து நின்றது. நமக்கு இடது பக்கம் பள்ளம். பழைய இழுப்பு இருந்திருந்தால் எந்தப் பக்கம் பாய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வாப்பாவுக்கும் தெரியும். ராத்தாவுக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடியிருந்தாள். "என்ன வாப்பா நின்டுட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். அல்ஹம்துலில்லாஹ், மூன்று கிழமை கழித்து, குறிப்பிட்ட நாளுக்கு முன்பாகவே சத்திரசிகிச்சை மூலம் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

மிட்வைஃபும் பாஸும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனாலும் இருவரும் செய்தது ஒரே வேலைதான். "அப்பிடித்தான்" என்று மற்றவர்கள் முடித்த இடத்தில் அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். "அப்பிடித்தான்" என்பது ஒரு பதில் போலத் தோன்றும். உண்மையில் அது கேள்வியை மூடிவைக்கும் மூடி. பழசு என்பது ஒரு நோயல்ல. கர்ப்பம் என்பதும் நோயல்ல. அவற்றின் பெயரைச் சொல்லி உள்ளே இருக்கிற நோயைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

நம் வீடுகளில் வாப்பாவோ நானாவோ ஓட்டுகிற வானோ, முச்சக்கர வண்டியோ, பழைய காரோ இருக்கும். ஓட்டுகிறவர்கள் பழகிப்போவார்கள். கை தன்னை அறியாமல் திருத்திக்கொள்ளும். பக்கத்தில் உட்காருகிற நமக்குத்தான் வித்தியாசம் தெரியும். மாதம் ஒரு முறை, வண்டி ஆறியிருக்கும் காலை நேரத்தில் டயரில் காற்றை அளக்கச் சொல்லுங்கள். டயரைக் கையால் தடவிப் பாருங்கள். நேர் வீதியில் வண்டி எப்படிப் போகிறது, பிரேக் பிடித்தால் எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் நல்ல பிரேக்கும் சூடாகித் தளர்ந்துவிடும். ஏதாவது வித்தியாசம் கண்டால் உடனே பாகம் மாற்றச் சொல்லாதீர்கள். எப்போது, எங்கே, எந்தப் பக்கம் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போங்கள். நல்ல பாஸ் என்றால் அந்தக் கொப்பியை முதலில் வாங்கிப் பார்ப்பார்.

மாமா பேசி வைத்த ஆளுக்கு வாப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறைக் கலண்டரில், ராத்தாவின் மகளுக்குத் தடுப்பூசி போடும் திகதிகளை உம்மா சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறார். அதே கலண்டரில் காருக்குக் கிரீஸ் அடிக்கும் திகதிகளை நான் நீல மையால் குறித்து வருகிறேன். எங்கள் வீதிக்கு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை என்பது பாஸின் கணக்கு. அடுத்தது வருகிற மாதம் இரண்டாம் கிழமை.